தனியார் கல்லூரிக்கு மாநில அரசு ஏன் பணம் தருகிறது? அமெரிக்காவின் பழைய கணக்கும் புதிய காலி சீட்டுகளும்

2024 மே 31 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி மூடப்பட்டது. மெதடிஸ்ட் திருச்சபையோடு தொடர்புள்ள தனியார் கல்லூரி, வேர் 1856 வரை போகிறது. மூடுவதற்கு முன் அது மாநில அரசிடம் 3 கோடி டாலர் கேட்டு நடையாய் நடந்தது, சட்டசபையும் அதை மனதில் வைத்தே ஒரு கடன் திட்டத்துக்குச் சட்டம் போட்டது, ஆனாலும் ஒரு டாலர்கூட வந்து சேரவில்லை. இதைப் படித்ததும் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று முட்டும். தனியார் கல்லூரிதானே, அரசுப் பணத்தை எந்த உரிமையில் கேட்டது? சரி, சட்டமே போட்டாயிற்று என்றால் ஏன் தரவில்லை?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அமெரிக்க மாநிலங்கள் பலவும் ஐம்பது, அறுபது வருடங்களாக ஏதோ ஒரு வடிவில் தனியார் கல்லூரிகளுக்கோ அங்கே படிப்பவர்களுக்கோ பணம் தந்துகொண்டுதான் இருக்கின்றன. இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். அந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது என்று தெரிந்தால்தான் எதற்குத் தரமாட்டார்கள் என்பதும் பிடிபடும்.

## முதலில் சொற்கள்

1. லாப நோக்கற்ற தனியார் கல்லூரி. இதற்கு முதலாளி கிடையாது, பங்குதாரர் கிடையாது. ஓர் அறங்காவலர் குழு நடத்துகிறது, மிச்சப்படும் பணம் கல்லூரிக்குள்ளேயே இருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வருவதால் மத்திய வருமான வரி பொதுவாக இல்லை. ஹார்வர்டும் இந்த வகைதான், அறுநூறு பேர் படிக்கும் ஒரு சின்ன திருச்சபைக் கல்லூரியும் இந்த வகைதான். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். லாபத்துக்காக நடத்தப்படும் கல்லூரிகள் தனி ரகம், அவை இந்தக் கட்டுரையில் இல்லை.

2. மாநில உதவி. பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை), மத்திய அரசின் கல்விக் கடன் இவையெல்லாம் வாஷிங்டனிலிருந்து வருபவை, எல்லா மாநிலத்துக்கும் பொது. இங்கே பேசுவது ஒவ்வொரு மாநிலமும் தன் பட்ஜெட்டிலிருந்து தருவதை மட்டும். ஐம்பது மாநிலம், ஐம்பது அரசியலமைப்புச் சட்டம், ஐம்பது விதமான விதிகள்.

3. மூலநிதி. நன்கொடையாளர்கள் கொடுத்த பணத்தை முதலீடு செய்து, அதன் வருமானத்தில் ஒரு பகுதியை மட்டும் வருடாவருடம் செலவழிப்பார்கள். இதில் பெரும் பங்கு 'இன்ன துறைக்கு', 'இன்ன உதவித்தொகைக்கு' என்று கட்டிவைக்கப்பட்டது. அவசரத்துக்கு உடைத்து எடுக்கும் உண்டியல் மாதிரி நினைத்துவிடக் கூடாது.

4. அறிவித்த கட்டணமும் கட்டும் கட்டணமும். தனியார் கல்லூரி இணையதளத்தில் போட்டிருக்கும் தொகையை முழுதாகக் கட்டுபவர்கள் குறைவு. கல்லூரியே 'உதவித்தொகை' என்ற பெயரில் தள்ளுபடி தருகிறது. முதலாண்டு மாணவர்களுக்கு இந்தத் தள்ளுபடி சராசரியாக அறிவித்த கட்டணத்தில் பாதிக்கு மேல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று, நம்மூர் 'அரசு உதவி பெறும் கல்லூரி'யை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் குழம்பும். அமெரிக்காவில் தனியார் கல்லூரி ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்கும் ஏற்பாடு கிடையாது. அரசுக்கும் தனியார் கல்லூரிக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு, அது எழுப்பப்பட்டது 1819-ல். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் டார்ட்மவுத் கல்லூரியைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தபோது, கல்லூரியின் சாசனம் ஓர் ஒப்பந்தம், மாநிலம் நினைத்தபடி அதை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு தனியார் கல்லூரிகளுக்குச் சுதந்திரம் உறுதியானது. அரசுப் பணத்தில் அவற்றுக்கு இயல்பான பங்கு இல்லை என்பதும் கூடவே உறுதியானது.

## பணம் போகும் நான்கு வாய்க்கால்கள்

1. மாணவர் பெயரில். இதுதான் பரவலான வழி. டெக்சாஸில் 'கட்டணச் சமன்' உதவித்தொகை என்று 1971-ல் தொடங்கினார்கள். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கும் தனியார் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் குறைப்பது. ஜார்ஜியாவிலும் இதே பெயரில் ஒன்று உண்டு. வர்ஜீனியாவின் திட்டத்தில் குடும்ப வருமானமே பார்க்கப்படுவதில்லை. மாநிலவாசியாக இருந்து, அந்த மாநிலத்துக்குள் இருக்கும் லாப நோக்கற்ற தனியார் கல்லூரியில் முழுநேரம் படித்தால் போதும், வருடத்துக்குச் சுமார் 5,000 டாலர். கலிபோர்னியாவின் கால் கிராண்ட் இதற்கு நேர்மாறு, வருமானமும் மதிப்பெண்ணும் பார்த்துத் தருவது, தனியார் கல்லூரி மாணவருக்கு 2024-25-ல் உச்சவரம்பு 9,358 டாலர்.

2. கல்லூரிக்கே நேரடியாக, ஒரு சூத்திரப்படி. நியூயார்க்கில் 1968-ல் மக்ஜார்ஜ் பண்டி தலைமையிலான குழு பரிந்துரைத்து வந்த திட்டத்தை இன்றும் 'பண்டி உதவி' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு கல்லூரி எத்தனை பட்டம் வழங்குகிறது என்று எண்ணி, பட்டத்துக்கு இவ்வளவு என்று தருவது. இளங்கலைக்கு 1,500 டாலர் என்பது சட்டத்தில் இருக்கும் விகிதம். ஆனால் பட்ஜெட்டில் ஒதுக்குவது அதற்குப் போதாது. 1980-களின் இறுதியில் 10 கோடி டாலரைத் தாண்டியிருந்த ஒதுக்கீடு, பிற்பாடு 3.5 கோடி அளவுக்குச் சுருங்கிவிட்டது. மேரிலாந்தின் செலிஞ்சர் திட்டம் (ஜெசூட் என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபை நடத்தும் ஒரு கல்லூரியின் தலைவர் பெயர்) வேறு மாதிரி: அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு மாநிலம் செலவழிக்கும் தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தனியார் கல்லூரியின் மாணவர் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். அரசுக் கல்லூரிக்கு நிதி கூடினால் தனியாருக்கும் தானாகக் கூடும், வெட்டினால் இங்கேயும் வெட்டு. கெட்டிக்கார ஏற்பாடு, ஏனென்றால் இரண்டு தரப்பும் பட்ஜெட் நேரத்தில் சண்டை போடாமல் ஒரே பக்கம் நிற்க வேண்டியதாகிவிடுகிறது.

3. ஒரு குறிப்பிட்ட வேலைக்காக. கார்னெல் தனியார் பல்கலைக்கழகம், ஆனால் அதன் விவசாயம், கால்நடை மருத்துவம் உள்ளிட்ட நான்கு கல்லூரிகள் நியூயார்க் மாநிலத்துக்காக நடத்தப்படுபவை. பேலர் மருத்துவக் கல்லூரி 1969-ல் பாப்டிஸ்ட் சார்புள்ள பேலர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனி நிறுவனமானது. அதன் பிறகு டெக்சாஸ் அரசு அங்கே படிக்கும் மாநில மாணவர்களுக்காகப் பணம் தருகிறது. புது மருத்துவக் கல்லூரி கட்டுவதைவிட இருக்கிற நல்ல கல்லூரியில் சீட்டு வாங்குவது மலிவு, அவ்வளவுதான்.

4. கண்ணில் படாதது. கல்லூரி வளாகத்துக்குச் சொத்து வரி கிடையாது. மாநில அமைப்பு ஒன்றின் பெயரில் கடன் பத்திரம் வெளியிட்டால் வாங்குபவர்களுக்கு வட்டி வருமானத்தில் மத்திய வரி இல்லை, அதனால் கல்லூரிக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கிறது. மாநிலம் இதற்கு ஜாமீன் நிற்பதில்லை, பெயரை மட்டும் இரவல் தருகிறது. பட்ஜெட்டில் 'தனியார் கல்லூரி உதவி' என்ற தலைப்பில் இதெல்லாம் வராது. ஆனால் பெரிய வளாகம் வைத்திருக்கும் பணக்காரக் கல்லூரிக்கு முதல் மூன்று வழிகளைவிட இதில் கிடைப்பதே அதிகமாக இருக்கலாம். இழப்பு உள்ளூர் நகராட்சிக்கு. இதை ஈடுகட்ட கனெக்டிகட் மாநிலம் நகரங்களுக்கு ஒரு தொகை தருகிறது, யேல் பல்கலைக்கழகமும் நியூ ஹேவன் நகரத்துக்குத் தானாக முன்வந்து ஒரு தொகை கட்டுகிறது.

## ஏன் தருகிறார்கள்: சீட்டுக் கணக்கு

மேலே வந்த வருடங்களைப் பாருங்கள். 1968, 1971. மிச்சிகன் 1966, பென்சில்வேனியா 1974. எல்லாமே ஒரு பத்து வருடத்துக்குள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெரும் தலைமுறை கல்லூரி வாசலில் வந்து நின்ற காலம் அது. மாநிலங்கள் அவசர அவசரமாக அரசுக் கல்லூரிகளைக் கட்டின, கட்டியும் போதவில்லை. பக்கத்திலேயே தனியார் கல்லூரிகளில் இடமும் இருந்தது, குறைந்த கட்டணத்தில் அரசு போட்டிக்கு வந்ததால் அவை தடுமாறிக்கொண்டும் இருந்தன. சரி, அங்கே போகிறவனுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் இங்கே ஒரு சீட்டு மிச்சமாகுமே என்ற யோசனை பிறந்தது.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம் (கணக்குக்காக வைத்துக்கொண்டவை):

1. அரசுக் கல்லூரியில் ஒரு மாணவருக்கு மாநிலம் வருடத்துக்கு 10,000 டாலர் செலவழிக்கிறது. தனியாரில் சேர்ந்தால் 4,000 டாலர் உதவித்தொகை. மேலோட்டமாக 6,000 லாபம். சட்டசபைகளில் கல்லூரிச் சங்கங்கள் வைக்கும் வாதம் இதுதான்.

2. ஆனால் அந்த மாணவர் உதவித்தொகை இல்லாவிட்டாலும் தனியாருக்கே போயிருப்பார் என்றால்? மாநிலத்துக்கு 4,000 நஷ்டம். பத்துப் பேருக்குக் கொடுத்தால் செலவு 40,000. அதில் நான்கு பேராவது அரசுக் கல்லூரியிலிருந்து திரும்பி வந்தவர்களாக இருந்தால்தான் 40,000 மிச்சமாகி வரவும் செலவும் நேராகும்.

3. இப்போது அரசுக் கல்லூரியில் வகுப்புகள் காலியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் ஆகும் உண்மையான செலவு 10,000 ஆக இருக்காது, 3,000 இருக்கலாம். கட்டடம், பேராசிரியர், நூலகம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே. பத்துப் பேரும் தனியாருக்குத் திரும்பினாலும் மிச்சம் 30,000, கொடுத்தது 40,000. கணக்கு நேராக வழியே இல்லை.

மூன்றாவது வரிதான் இன்றைய நிலைமை. அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 2007-ல் உச்சம் தொட்டு அதன் பிறகு இறங்கிவிட்டது. 2007-ல் பிறந்த குழந்தைக்கு 2025-ல் 18 வயது. ஆக, சீட்டு போதாத காலத்தில் எழுதிய சட்டங்கள் சீட்டு காலியாகும் காலத்துக்குள் நுழைந்துவிட்டன, வாதம் மட்டும் பழையதே ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்காக உதவியே வீண் என்று நான் சொல்லவில்லை. வசதியில்லாத பிள்ளை தனக்குப் பொருத்தமான கல்லூரியைத் தேர்ந்தெடுக்க முடிவது, சின்ன ஊரில் வேலை தருகிற ஒரே பெரிய நிறுவனம் உயிரோடு இருப்பது, இவையும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவற்றுக்குப் பணம் தருவதென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விதி எழுத வேண்டும். 'அரசுக்கு மிச்சம்' என்ற பழைய பலகையை மாட்டிக்கொண்டு செய்யும்போதுதான் விதிகள் கோணலாகின்றன. வர்ஜீனியாவில் இந்தக் கோணல் ஆன்லைன் வகுப்பில் வெளிப்பட்டது. வீட்டிலிருந்தே படிப்பவருக்கு எந்தக் கட்டடமும் தேவையில்லை, மிச்சமாகும் சீட்டு என்று எதுவும் இல்லை, பிறகு ஏன் முழுத் தொகை? 2020 வாக்கில் அரசு அதை நிறுத்தப் பார்த்தது, இழுபறிக்குப் பின் புதிதாகச் சேரும் ஆன்லைன் மாணவர்களுக்குப் பாதித் தொகை என்று முடிந்தது.

## மதம் என்கிற முடிச்சு

பணம் ஏன் மாணவரைச் சுற்றிக்கொண்டு போகிறது, நேராகக் கல்லூரிக்குப் போனால் என்ன? தனியார் கல்லூரிகளில் கணிசமானவை திருச்சபைகள் தொடங்கியவை. 1875-ல் ஜேம்ஸ் பிளெய்ன் என்ற அரசியல்வாதி, மத நிறுவனங்களின் பள்ளிகளுக்கு அரசுப் பணம் கூடாது என்று தேசிய அளவில் ஓர் அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவரப் பார்த்தார். அது தோற்றது, ஆனால் அதே சாயலில் பல மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டன. அதனால் வந்த விளைவுகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு:

1. தென் கரோலினாவில் கல்விக் கட்டண மானியச் சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1971-ல் செல்லாது என்றது. 1973-ல் அரசியலமைப்பையே திருத்தி, 'நேரடி நன்மை' மட்டும் கூடாது என்று மாற்றினார்கள். மாணவருக்குத் தருவது மறைமுகம், ஆகவே செல்லும்.

2. அலாஸ்காவில் அதே மாதிரித் திட்டம் 1979-ல் ஷெல்டன் ஜாக்சன் கல்லூரி வழக்கில் தோற்றது. மாணவர் வெறும் வாய்க்கால், தண்ணீர் கல்லூரிக்குத்தானே போகிறது என்பது நீதிமன்றத்தின் பார்வை. அந்தக் கல்லூரி 2007-ல் மூடப்பட்டது.

3. மேரிலாந்தின் நேரடி உதவியை 1976-ல் ரோமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அனுமதித்தது, மதப் பிரசங்கத்துக்குச் செலவழிக்காதவரை.

4. வாஷிங்டன் மாநிலத்தில் பார்வை இழந்துகொண்டிருந்த ஒருவர் பாதிரியாராகப் படிக்க மறுவாழ்வு உதவி கேட்டார். கொடுத்தால் அமெரிக்க அரசியலமைப்புக்கு முரணாகாது என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. வழக்கு மாநிலத்துக்குத் திரும்பியதும், எங்கள் மாநிலச் சட்டப்படி கூடாது என்று அங்குள்ள நீதிமன்றம் மறுத்துவிட்டது! 2004-ல் லாக் எதிர் டேவி வழக்கிலும் போதகர் படிப்புக்கு உதவித்தொகை மறுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டென்று 7-2 என்று தீர்ப்பு வந்தது.

அதற்குப் பிறகு காற்று திசை மாறியிருக்கிறது. 2020-ல் மொன்டானா வழக்கு, 2022-ல் மெய்ன் வழக்கு. இரண்டும் பள்ளிகள் பற்றியவை, ஆனால் சொன்னது பொதுவானது: தனியாருக்கு உதவி என்று ஆரம்பித்துவிட்டால் மத நிறுவனம் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்க முடியாது. 1960-களின் இறுதியில் கதை நேர் எதிராக இருந்தது. நியூயார்க்கின் ஃபோர்டம் பல்கலைக்கழகம் பண்டி உதவிக்குத் தகுதி பெறுவதற்காக ஜெசூட் துறவிகள் நிரம்பியிருந்த தன் அறங்காவலர் குழுவையே மாற்றி அமைத்துக்கொண்டது.

## பணம் கடைசியில் யார் பையில்?

தள்ளுபடி என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் வருகிறது. ஒரு கல்லூரி அறிவித்த கட்டணம் 40,000, தன் தரப்பில் 22,000 தள்ளுபடி, மாணவர் கட்டுவது 18,000. மாநிலம் அவருக்கு 4,000 தருகிறது. கல்லூரி தள்ளுபடியைத் தொடாமல் விட்டால் மாணவர் கட்டுவது 14,000. தள்ளுபடியை 20,000 ஆகக் குறைத்தால் 16,000, அதாவது அரசு கொடுத்ததில் பாதி கல்லூரிக்கு. மாணவருக்கு இது தெரியவே தெரியாது, 'வாழ்த்துகள், உங்களுக்கு 20,000 உதவித்தொகை' என்று கடிதம் வரும், சந்தோஷப்படுவார்.

ஜார்ஜியாவில் லாட்டரி வருமானத்தில் 1993-ல் தொடங்கிய ஹோப் உதவித்தொகையை பிரிட்ஜெட் டெர்ரி லாங் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார். தனியார் கல்லூரிகளே அதிகமாகக் கட்டணத்தை ஏற்றியிருந்தன, உச்சபட்சமாக உதவித்தொகையில் சுமார் 30 சதவீதம் வரை கல்லூரி எடுத்துக்கொண்டதாகக் கண்டார். எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் மாணவருக்கு உதவி, கல்லூரிக்கு உதவி என்று இரண்டாகப் பிரிப்பது சட்டப் புத்தகத்தில் மட்டும்தான் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

பதிலுக்கு ஏதாவது கேட்டுப் பெறும் மாநிலங்களும் உண்டு. கலிபோர்னியாவில் தனியார் கல்லூரிகள் ஒட்டுமொத்தமாக ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் சமுதாயக் கல்லூரி (இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொள்ள வேண்டும், தவறினால் அந்த 9,358 டாலர் 8,056 ஆக இறங்கும் என்று சட்டத்தில் எழுதினார்கள். கேட்கும் உரிமை எந்த அளவுக்குப் போகலாம் என்பது வேறு சண்டை. பென்சில்வேனியாவில் அரசுக் கட்டுப்பாட்டில் இல்லாத கல்வி நிறுவனத்துக்குப் பணம் ஒதுக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2023 டிசம்பரில் பென் எனப்படும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் (பெயர் அப்படி, ஆனால் தனியார்) தலைவர் யூத வெறுப்பு பற்றி அமெரிக்க காங்கிரஸில் சொன்ன பதில் கொந்தளிப்பைக் கிளப்பியது. அடுத்த சில நாட்களில் மாநிலக் கீழவையில் அந்த ஓட்டு கிடைக்காமல் போனது, நின்றது அதன் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டிய 3 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை. மாநிலத்தின் ஒரே கால்நடை மருத்துவக் கல்லூரி அது.

## இப்போது அலபாமாவுக்குத் திரும்பலாம்

பர்மிங்ஹாம்-சதர்ன் 2000-களின் நடுவில் கடன் வாங்கிக் கட்டடங்கள் கட்டியது. பிறகு 2008 நிதி நெருக்கடி. கூடவே மத்திய அரசின் பெல் கிராண்ட் பணத்தைக் கணக்கில் தவறாக எழுதிவந்தது வெளியே தெரிந்தது. மூலநிதியிலிருந்து எடுத்து எடுத்துச் சமாளித்தார்கள். கடைசி வருடம் மாணவர்கள் எழுநூற்றுச் சொச்சம்.

கல்லூரி கேட்டது மேலே சொன்ன நான்கு வழிகளில் எதிலும் அடங்காது. எந்தச் சீட்டையும் அரசு வாங்கவில்லை, எந்தக் குறிப்பிட்ட வேலையையும் ஒப்படைக்கவில்லை. மூடாமல் இருக்கப் பணம், அவ்வளவுதான். அலபாமா அரசியலமைப்பிலும் பென்சில்வேனியா போலவே மூன்றில் இரண்டு பங்கு விதி உண்டு, நேரடி மானியம் சிரமம். அதனால் 2023-ல் 'நெருக்கடியில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கான சுழல் கடன்' என்று சட்டம் வந்தது. நெடுங்காலம் இயங்கிய கல்லூரியாக இருக்க வேண்டும், மூடும் அபாயத்தில் இருக்க வேண்டும், சொத்தை ஈடாகக் காட்ட வேண்டும்.

நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். மூடும் நிலையில் இருப்பவருக்குத்தான் கடன், ஆனால் திருப்பிக் கட்டும் நம்பிக்கையும் ஈடும் வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் மாநிலப் பொருளாளரிடம். அவர் ஒரு வங்கிக்காரர் பார்ப்பதைப் போலவே பார்த்தார்: சொத்தின் மீது வேறு கடன்காரருக்கு முன்னுரிமை இருக்கிறது, அரசுக்கு முதல் பிடி கிடைக்காது, பணம் திரும்பி வருவது சந்தேகம். 2023 அக்டோபரில் மறுத்துவிட்டார். நிபந்தனைகளைப் பூர்த்தி செய்துவிட்டோம் என்று கல்லூரி வழக்குப் போட்டது, தள்ளுபடியானது. 2024-ல் அதிகாரத்தைப் பொருளாளரிடமிருந்து உயர்கல்வி ஆணையத்துக்கு மாற்றும் மசோதா செனட்டில் நிறைவேறியது, கீழவையில் போதிய ஆதரவு இல்லை. மார்ச் 26 அன்று அறங்காவலர்கள் மூடுவதாக முடிவெடுத்தார்கள்.

மே 31 வந்தபோது கல்லூரியின் பேஸ்பால் அணி ஒஹையோவில் தேசியப் போட்டித் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது. படித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கு மற்ற கல்லூரிகளோடு மாற்று ஏற்பாடு செய்யப்பட்டது. அலபாமாவில் தனியார் கல்லூரி மாணவர்களுக்கு 1978-லிருந்து ஒரு மாநில உதவித்தொகை இருக்கிறது. அதே மாநிலத்தின் இன்னொரு தகுதியான தனியார் கல்லூரியில் சேர்ந்தவர்கள் அங்கேயும் அதைக் கேட்கலாம், ஏனென்றால் அது ஆரம்பத்திலிருந்தே அவர்கள் பெயரில் எழுதப்பட்ட பணம்.